மூன்றாம் நாளும் முந்நூறாம் நாளும்

விஸ்வநத்தத்தில் ‘மருந்து’ என்று யாராவது சொன்னால் மாத்திரையோ ஊசியோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. மருந்து கலக்குகிறவர், மருந்து செலுத்துகிறவர், மணி மருந்து காயவைக்கும் மேடை என்று, சிவகாசியை ஒட்டிய இந்த ஊராட்சியின் பேச்சில் அந்தச் சொல் பட்டாசு ஆலையிலிருந்துதான் வருகிறது. அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. “மதினி, அண்ணனுக்கு மருந்து வச்சுப் பாத்தீங்களா?” என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் குரலைத் தணித்துக் கேட்டால், அது குடியை நிறுத்தும் மருந்து. குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காபியிலோ கலந்து கொடுப்பது.

சின்ன ஊரில் குடிநோய்க்கு உதவி தேடும் குடும்பங்கள் பலவும் இந்தத் தணிந்த குரலில்தான் தொடங்குகின்றன. அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது, அவருக்கும் தெரியக் கூடாது, செலவும் கைக்குள் அடங்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே விடையாகப் பெயரில்லாத ஒரு பொட்டலம் வந்து சேர்கிறது.

ரகசியமாக வைக்கும் இந்த மருந்து பல நேரம் டைசல்ஃபிரம் என்ற மாத்திரையின் பொடி. உடலுக்குள் போன சாராயம் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகுதான் தீங்கற்றதாகிறது. இந்த இரண்டாவது படியை டைசல்ஃபிரம் அடைத்துவிடுகிறது. அதன்பின் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். மருத்துவர் இதை எழுதித் தரும்போது நோயாளியிடம் விவரம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் தருவார். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மாத்திரையின் பாதி வேலை. தெரியாமல் கொடுக்கும்போது அது போய்விடுகிறது, ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. இதைச் செய்யும் பெண்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வேறு வாசல் இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வாசல்கள் எவ்வளவு குறுகலானவை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு விதத்தில் உதவி தேவை. ஆனால் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் சிகிச்சை என்று சொல்லத்தக்க எதையாவது பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு பேருந்து முழுக்கக் குடிநோயாளிகள் என்று வைத்துக்கொண்டால், சிகிச்சை என்ற நிறுத்தத்தில் இறங்குகிறவர் ஒரே ஒருவர்.

பட்டாசு வட்டாரத்தின் தொழில்முறையும் குடிநோயோடு பின்னிக் கிடக்கிறது. வானம் பார்த்த கரிசல் பூமி இது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு ஊர் மாறியது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் வேரூன்றின. ஆனால் ஆலையில் பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. சனிக்கிழமை சம்பளம். ஆலையில் வாங்கும் முன்பணம் குடும்பத்தின் கடன் கணக்கில் முதல் வரி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிவிடும். கையில் போனஸ் இருக்கும், போக வேலை இருக்காது. 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலையில்லாத ஆணின் பகல் நேரம் எவ்வளவு நீளமானது என்பதை அப்போது வீட்டிலிருந்த பெண்கள் பார்த்தார்கள்.

பட்டாசு ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஏராளம். ஆகவே குடும்பம் பட்டினி கிடக்காது. ஆனால் இருவர் கூலியில் ஒன்று கரைந்துகொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகையாக 2023 செப்டம்பரிலிருந்து மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் ஒரு மாத உரிமைத் தொகை ஏழு குவார்ட்டரில் முடிந்துபோகும். தினமும் ஒன்று என்று குடிக்கிறவருக்கு அது ஒரு வாரம்.

கை நடுக்கத்தைப் பற்றி இந்த ஊரில் தனியாகப் பேசியாக வேண்டும். பல ஆண்டுகள் குடித்தவருக்குக் காலையில் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கும். டாஸ்மாக் கடை திறப்பதோ பகல் 12 மணிக்கு. அதற்குமுன் ‘பிளாக்’கில் கூடுதல் விலைக்கு வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. போதையில் இருப்பவரை வெடிபொருள் வேலையில் சேர்க்கக் கூடாது என்று வெடிபொருள் விதிகளே சொல்கின்றன. அதனால் வாடை வந்தால் ஃபோர்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். சரியான செயல்தான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர் போகும் இடம் மருத்துவமனையாக இருப்பதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆலை வெடிவிபத்துகளுக்குக் குடியைக் காரணம் காட்டுவது பெரிய அநீதி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் போன்ற பெருவிபத்துகளுக்குப் பின்னால் அளவுக்கு மீறிய ஆள், அளவுக்கு மீறிய மருந்து, உள்குத்தகை, உராய்வு என்று நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளியின் நோயை அவர் மீதான குற்றச்சாட்டாக மாற்றினால், நோயை மறைப்பதுதான் நடக்கும்.

இனி, குடியை நிறுத்தியபின் வரும் மூன்றாம் நாளுக்கு வரலாம். குடியைப் பற்றி ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கைகளில் உயிரைப் பறிக்கக்கூடியது, ‘மனசு வச்சா இன்னைக்கே விட்டுறலாம்’ என்பது. நாள்பட்ட, கடுமையான குடிநோயாளி திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்குப் பிதற்றல், இல்லாத பூச்சியும் பாம்பும் தெரிவது, காய்ச்சல், ஆள் தெரியாத குழப்பம் என்று முற்றும். ‘பேய் பிடிச்சிருச்சு’ என்று வீட்டார் அலறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மருத்துவம் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. சிகிச்சை கிடைத்தால் சில நாட்களில் தெளிந்துவிடக் கூடியது.

இதற்குத் தேவைப்படுவது பெரிய நகரத்து வசதி அல்ல. நடுக்கத்தையும் வலிப்பையும் கட்டுப்படுத்தும் குளோர்டயசெபாக்சைடு அல்லது லோரசெபாம், தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி, நீர்ச்சத்து, கண்காணிப்பு. குடிநோயாளிக்குத் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்பதால் வரிசை முக்கியம். ஒரு பொது மருத்துவமனை செய்யக்கூடிய வேலைதான் இது.

ஆனால் குடிநோயாளி பொது மருத்துவமனைக்குக் குடிநோயாளியாக வருவதில்லை. வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தவராக, வயிற்று வலிக்காரராக, மஞ்சள் காமாலைக்காரராக வருகிறார். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு உண்டு. அங்கே படுத்திருப்பவர் தினமும் குடித்தவராக இருந்தால், காயத்தோடு சேர்ந்து மூன்றாம் நாளும் அவருக்குக் காத்திருக்கிறது. அட்டெண்டராகக் கூட இருக்கும் மனைவியோ அம்மாவோ முதல் நாளே மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவது நல்லது: தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது எப்போது. வெட்கப்பட்டு மறைத்தால் மூன்றாம் நாள் அது தானே வெளியே வரும், மோசமான வழியில்.

அடுத்த கேள்வி, எங்கே போவது? விஸ்வநத்தத்தில் இருந்து பார்த்தால் வாசல்கள் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே சிவகாசி அரசு மருத்துவமனை. காப்பீடு உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை. முப்பது கிலோமீட்டருக்குள் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்தக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. அதற்கு முன்பெல்லாம் பெரிய மருத்துவமனை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டியிருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் 1996இல் தொடங்கியது. அதன்படி மனநல மருத்துவர் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பார். குடிநோயும் அவர் பார்க்கும் நோய்தான். தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களை அறிவித்துத் திறந்திருக்கிறது. போனில் கேட்க விரும்புகிறவர்களுக்கு 14446 என்ற தேசியப் போதை மீட்பு எண், 14416 என்ற டெலி மானஸ் மனநல எண், 104 என்ற மாநில மருத்துவ உதவி எண் மூன்றும் கட்டணமில்லாதவை. தமிழில் பேசலாம்.

வாசல்கள் உண்டு, ஆனால் ஒன்றை இன்னொன்றோடு சேர்க்கும் நடைபாதை இல்லை. மனநல மருத்துவர் வரும் நாள் எது என்பதை அறிய ஒரு நாள் கூலியை விட்டுப் போய் விசாரிக்க வேண்டும். அந்த நாளில் குடிநோயாளியைக் குடிக்காமல் கூட்டிப்போக வேண்டும், அல்லது குடித்தபடியே அழைத்துப்போய் ஓ.பி. வரிசையில் ஊரார் பார்வையைத் தாங்க வேண்டும். டாஸ்மாக் கடை இருக்கும் இடம் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடைவெளியில்தான் சுவரொட்டிகள் நுழைகின்றன. ‘குடியை மறக்க’, ‘90 நாளில் மறுவாழ்வு’ என்று பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் மையங்களில் நல்லவையும் உண்டு, பூட்டிவைத்து அடிப்பவையும் உண்டு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாத ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்ட செய்தி தமிழ்நாட்டை உலுக்கியது. அங்கே இருந்தவர்களில் மனநோயாளிகளோடு குடிநோயாளிகளும் இருந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆகவே ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று எங்கே, மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வீட்டார் வந்து பார்க்கலாமா, போனில் பேசலாமா என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்கலாம். கேட்கும் உரிமை உண்டு. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் ஆளை விட்டுவரக் கூடாது. ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகிறோம் என்று சொல்கிற இடத்தின் பக்கமே போகக் கூடாது.

கோயிலையும் கணக்கில் சேர்க்காமல் இந்தப் பகுதியின் கதை முழுமையாகாது. பத்திரகாளியம்மன் முன்னால் சத்தியம், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்தி, கையில் கயிறு, தேவாலயத்தில் ஜெபம். எல்லாவற்றிலும் வலுவாக வேலை செய்வது கார்த்திகை மாதத்து மாலை. ஆண்டு முழுக்கக் குடித்தவர் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் ஒரு மண்டலம் தொடாமல் இருப்பதை எல்லா ஊரும் கண்டிருக்கிறது. படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதை விட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. மாலை போட்டவரை எல்லோரும் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள், அவருடைய மனைவி உட்பட. விடியலில் குளியல், மாலையில் பஜனை, உடன் விரதமிருக்கும் பத்துப் பேர், அவரைப் பார்த்ததும் கிளாஸை மறைக்கும் பழைய கூட்டாளிகள். ஒரு புதுப் பெயர், ஒரு தினசரி ஒழுங்கு, ஒரு கூட்டம், ஊரின் காவல். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் நான்கும் ஒரே நாளில் போய்விடுகின்றன. அன்று இரவே பலர் திரும்பக் குடிக்கிறார்கள். இதில் பக்தியின் தோல்வி எதுவும் இல்லை. நாற்பத்தெட்டு நாளுக்குத் தாங்கிய கைகள் நாற்பத்தொன்பதாம் நாள் விலகிக்கொண்டன.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீளப் போராடிய இருவர் ஒருவருக்கொருவர் துணையாகப் பேசத் தொடங்கியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. அந்த மாலையைக் கழற்ற விடாத ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். கட்டணமில்லை, பதிவேடு இல்லை, ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்ற கணக்கு. தமிழ்நாட்டு நகரங்களில் பள்ளி, தேவாலய அறைகளில் தமிழில் இக்கூட்டங்கள் நடக்கின்றன. குடும்பத்தினருக்கு அல்-அனான். ஆனால் பெயர் தெரியாமல் இருப்பது என்ற அதன் அடிப்படை, எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சானாக இருக்கும் ஊரில் சிரமமானது. பலர் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போவது அதனால்தான்.

கிராமத்துக்கு ஏற்ற வழியைத் தமிழ்நாடே ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஊரார் டி.டி.கே. மருத்துவமனை என்று அறிந்தது அதைத்தான். சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க முடியாதவர்கள் ஏராளம் என்று கண்டு, 1989இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக்கு மருத்துவமனையே போனது. ஊரில் ஓர் இடத்தில் பதினைந்து நாள் முகாம். ஊராரே இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய, மருத்துவர்களும் ஆலோசகர்களும் தங்கிச் சிகிச்சை தந்தார்கள். மனைவிமாருக்கும் தனியாகப் பேச்சு. முகாம் முடிந்த பிறகும் மாதந்தோறும் குழு திரும்பி வந்தது. குடிநிறுத்தியவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தெரிதலே அவருக்குக் காவலானது. ரகசியமாகப் பொட்டலம் வைப்பதற்கு நேர் எதிரான வழி.

இந்தக் கட்டுரை அழுத்திச் சொல்ல வருவது இதுதான். மூன்றாம் நாளுக்குக் கட்டிலும் ஊசியும் போதும். முந்நூறாம் நாளுக்கு ஆள் வேண்டும். குடிநோய் சர்க்கரை நோயைப் போலத் திரும்பத் திரும்ப வரக்கூடியது. மீண்டும் குடித்தவரை ‘திருந்தாத ஜென்மம்’ என்று தள்ளுவதும், சர்க்கரை ஏறியவரைத் தள்ளிவிடுவதும் ஒன்றே. ஆனால் மையங்கள் கட்டிலைக் கணக்குக் காட்டுகின்றன, அரசும் கட்டிலைத்தான் எண்ணுகிறது. வீடு திரும்பியவரின் முதல் சம்பளச் சனிக்கிழமை சாயங்காலம் அவரோடு யார் நடந்து வருகிறார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

அந்த ஆள் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கோவாவில் சான்று உண்டு. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘சங்காத்’ அமைப்பு நடத்திய ஆய்வில், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, தீங்கான அளவில் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில் பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது அந்த முடிவு. முற்றிய குடிநோயாளிக்கு இது போதாது. கை நடுக்கத்துக்கு முந்தைய படியில் நிற்கும் முப்பது வயதுக்காரருக்குப் போதும். அந்த நான்கு பேச்சைச் செய்யக்கூடியவர்கள் விஸ்வநத்தத்தில் இருக்கிறார்கள்: கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் குழுத் தலைவி, ஏற்கெனவே குடியை விட்டு ஐந்தாண்டு ஆன ஒரு தொழிலாளி.

கஞ்சாவும் போதை மாத்திரையும் இளைஞர்களிடம் பரவுவது வேறு அச்சத்தைச் சேர்க்கிறது. பெற்றோர் மருத்துவமனைக்குப் போகாததற்கு முதல் காரணம் போலீஸ் பயம். சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்குக்கு உள்ளானவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் போதை எதிர்ப்பு உறுதிமொழிகளில் இந்தப் பிரிவையும் ஒரு வரி வாசிக்கலாம்.

மதுவிலக்கு வந்தால் எல்லாம் தீரும் என்பாரும் உண்டு. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுக்க விரிந்து, 1971இல் தளர்ந்த கதை நெடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடை திறந்திருக்கும்போதே கள்ளச் சாராயம் ஓடுகிறது என்றால், கடையை மட்டும் மூடினால் நடுங்கும் கை எங்கே போகும் என்று கேட்டாக வேண்டும். கடையைக் குறைப்பது நியாயமே. அதற்கு முன்னால் சிகிச்சையைப் பரப்பியிருக்க வேண்டும். 2024-25இல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதில் நூறில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 483 கோடி. வட்டத்துக்கு ஒரு முழுநேர ஆலோசகர், ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் சில கட்டில்கள், வீடு தேடிப் போக ஒரு வண்டி என்பதெல்லாம் அந்தத் தொகைக்கு முன்னால் பெரிய கோரிக்கையே அல்ல.

பட்டாசு வட்டாரத்துக்கு ஒரு வசதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடும் வாரங்களும் கார்த்திகை மாலை போடும் காலமும் அடுத்தடுத்து வருகின்றன. வேலை இழப்பு இல்லாமல் ஆண்கள் ஊரில் இருக்கும் நாட்கள் அவை. போனஸ் கரையும் நாட்களும் அவைதான். ஊராட்சியின் சமுதாயக் கூடத்தில் மஞ்சக்குடி மாதிரி பதினைந்து நாள் முகாமை அப்போது போடலாம். ஆலை அதிபர்கள் சங்கம் சாப்பாட்டுச் செலவை ஏற்கலாம், மருத்துவக் கல்லூரி மருத்துவரை அனுப்பலாம், மாவட்ட மனநலத் திட்டம் அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை அதே கூடத்துக்கு வரலாம். ஆலை மறுபடி திறந்து பூஜை போடும் நாளில், முகாமில் இருந்தவர் அதே ஃபோர்மேன் முன்னால் வேலைக்கு வந்து நிற்பார். அன்றிலிருந்து அடுத்த தீபாவளி வரைக்கும் சனிக்கிழமைதோறும் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, கூட நடந்துபோக ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவரை யார் நியமிப்பது என்பதுதான் ஊராட்சியும் ஆலையும் மருத்துவமனையும் ஒரே மேசையில் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முதல் முடிவு.